உலகநாதனின் அட்டை

தாழைமேட்டில் அப்போது மறைப்பு இன்னும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. சுவர் என்றால் நான்கு ஓரக்கோடுகள். கதவு என்றால் அந்தச் சுவரின் நடுவே இன்னும் நான்கு கோடுகள். அதற்கு அந்தப் பக்கம் யார் என்ன செய்தாலும் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. ஆகையால் அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டியதில்லை, யாரும் யாரையும் தேடியதில்லை. குடையைத் தொலைத்தவர் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஊரின் கோடுகளையெல்லாம் வரைகலை ஆய்வு மையத்தின் பொறிதான் வரைந்துகொண்டிருந்தது. மையத்தின் மொட்டைமாடியிலிருந்து தென்கிழக்கே கடற்கரை வரை, அறுபது மைலுக்கு உள்ள எல்லாவற்றையும் அது நொடிக்கு முப்பது தடவை எழுதி முடிக்க வேண்டும். முடித்தால் ஊர் ஆடாமல் நிற்கும். கோடுகள் கூடிவிட்டால் பொறிக்கு மூச்சு வாங்கும், ஊர் விட்டுவிட்டு மினுக்கும். முகூர்த்த நாட்களில் இது சகஜம். படிக்கட்டு இல்லாத ஒரு கணத்தில் காலை வைத்து எத்தனையோ பேர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் முகூர்த்த நாளில் கட்டம் போட்ட புடவை கட்டக் கூடாது என்று விதி இருந்தது. சல்லடையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே மையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கேயாவது ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்திருந்தால், அருளப்பன் மையத்தில் உட்கார்ந்தபடியே ஒளிப்பேனாவைத் திரையில் வைத்து அதை நிமிர்த்துவான். பொறியின் வயர், வால்வு, திரை எல்லாம் அவன் பொறுப்பு. பேனாவால் இருட்டில் எதையும் தொட முடியாது, வெளிச்சத்தைத்தான் பிடிக்க முடியும் என்பதால் திரையில் ஒரு கூட்டல் குறியைப் போட்டு, அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். அந்த நேரத்தில் தெருவிலும் ஆளுயரக் கூட்டல் குறி ஒன்று நடந்து போகும். மாடு வந்தால் ஒதுங்குவதைப் போல ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

இந்த மையத்தில்தான் தில்லைநாயகி மறைப்பைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். வயது முப்பத்தாறு. கணக்கில் புலி, சமையலில் சுமார். அவளுடைய நாற்காலியிலிருந்து தென்கிழக்கே பார்த்தால், நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் புளியமரங்களுக்கும் இரண்டு ரயில் நிலையங்களுக்கும் அப்பால், கடலோரத்தில், அரைவிரல் உயரத்துக்கு அவள் கணவர் உலகநாதன் தெரிவார். துறைமுகத்தில் அலையின் உயரத்தை அளந்து எழுதும் உத்தியோகம். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, அளவுகோலைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவார்.

அவர் தாழைமேட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"தில்லை, நான் சும்மா உக்காந்திருந்தாலும் உனக்குத் தெரியுது. பல்லைக் குத்தினாலும் தெரியுது. கொஞ்ச நாளைக்கு நான் சின்னதாத் தெரியணும்."

"எவ்வளவு சின்னதா?" என்று கேட்டாள்.

அவர் தம் விரலில் பாதியைக் காட்டினார். அந்த அளவுக்கு அறுபது மைல் வேண்டியிருந்தது.

போன புதிதில், வேலை முடிந்து கிளம்பும் முன் அவள் அருளப்பனின் பேனாவை வாங்கி, திரையின் மூலைக்குக் கூட்டல் குறியை இழுத்துப் போய் அவர் பக்கத்தில் நிறுத்துவாள். அதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நாலைந்து நாள் அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாம் நாள் கையால் மெதுவாகத் தள்ளிவிட்டார். அதன்பிறகு அவள் பேனாவைத் தொடவில்லை. ஆனால் பார்ப்பதை விடவில்லை. அவரும் அவ்வப்போது வடமேற்கே திரும்பிப் பார்ப்பார். பிரிந்திருக்கிறோம் என்று இருவருமே நினைக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது மறைப்பு வந்தால் இது போய்விடும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஏழு மாதமாக அந்தப் புரோகிராமை எழுதினாள். ஊரின் கணுக்கால்களைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது.

மறைப்புக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எது எதற்கு முன்னால் இருக்கிறது, எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று பொறிக்குச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பதன் கோடுகளைப் பொறி எழுதாமல் விட்டுவிடும். இதற்காக எழுத்தர்கள் சங்கிலியோடு போய் அறுபது மைலையும் அளந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டையில் துளை போட்டுக்கொண்டு வந்தார்கள். வானத்தை மட்டும் அளக்க முடியவில்லை. மூங்கில் கழியெல்லாம் கட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. அதனால் தில்லைநாயகி ஒரு விதி எழுதினாள். அட்டை இல்லாதது எதுவானாலும் அது எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும். வானத்துக்கு அது பொருத்தமாக இருந்தது.

பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா மட்டும் ஓர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். 'பிள்ளையார் எதன் பின்னாலும் இல்லை' என்று அட்டையில் துளை போட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கோயிலின் புறக்கடையில் நின்று பார்க்கிறவர்களுக்கு என்ன செய்வது என்று மைய இயக்குநர் பஞ்சநதம் கேட்டு எழுதினார். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று பதில் வந்தது. மனு தள்ளுபடி ஆனது. ஆனால் அப்படி ஓர் அட்டை போட முடியும் என்பது அன்றைக்குத்தான் தில்லைநாயகிக்குத் தோன்றியது.

புரோகிராமை ஓட்டுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அவள் அட்டைக் கட்டிலிருந்து உலகநாதனின் அட்டையை உருவினாள். ஓர் ஆளுக்கு இரண்டு அட்டை இருந்தால் பொறி நின்றுவிடும் என்பதால் அதைக் கிழித்துப் போட்டாள். அதன் இடத்தில், 'எதன் பின்னாலும் இல்லை' என்று தானே துளையிட்ட அட்டையைச் செருகினாள். ரகசியமாகத்தான் செய்தாள். ஆனால் ரகசியத்துக்கு வேண்டிய மறைப்பு மறுநாள்தான் வருவதாக இருந்தது. பஞ்சநதம் தம் அறையிலிருந்து பார்த்தார். அருளப்பன் பொறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான். எதிர்த்தெரு டீக்கடையில் நாலு பேர் பார்த்தார்கள். மனுஷி புருஷனைப் பார்க்க ஆசைப்படுகிறாள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று எல்லோரும் அவரவர் டீயைக் குடித்தார்கள்.

உலகநாதனும் பார்த்தார். ஆனால் அறுபது மைலில் ஓர் அட்டையின் துளைகளைப் படிக்க முடியாது.

மறுநாள் காலை பத்தரை மணிக்குப் பொறி ஓடியது. பத்து முப்பத்தொன்றுக்குச் சுவர்கள் சுவர்களாயின. தாழைமேடு ஒருமுறை குலுங்கி, அப்புறம் ஆடாமல் நின்றது. படிக்கட்டில் இருந்தவர்கள் தைரியமாக இறங்கினார்கள். பெண்கள் அன்று மாலையே கட்டம் போட்ட புடவைகளை வெளியே எடுத்தார்கள்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. அலமாரிக்குப் பின்னால் ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே போனால் வேலை சொல்ல மாட்டார்கள் என்று எழுத்தர்கள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார்கள். கோபம் வந்தவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். முன்பு எப்படி உட்கார்ந்தாலும் முகம் தெரிந்துகொண்டிருந்ததால் அதனால் பயன் இருந்ததில்லை.

உலகநாதன் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தார். ஊரில் யார் தென்கிழக்கே திரும்பினாலும் அரைவிரல் உயரத்துக்கு அவர் தெரிந்தார். தென்கிழக்கில் சுவர் இருந்தால் சுவர்மேல் தெரிந்தார். தோசைக்கல் இருந்தால் தோசைக்கல்மேல். கல்யாண மேடையில் மாப்பிள்ளை அந்தத் திசையில் உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளையின் நெற்றியில் தெரிந்தார். அவர் தண்ணீரில் இறங்கினால் மணி ஆறு என்று அடுப்பு மூட்டினார்கள். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் நிலாவுக்குப் பதில் அவரைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை மேற்குச் சுவருக்கு மாற்றினார்கள், பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு அவர் சவரம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

அவருக்கு இது தெரியாது. துறைமுகத்தில் பார்த்தவர்களும் அவரிடம் சொல்லவில்லை. அவருடைய அறைக்கும் நான்கு சுவர்கள் வந்துவிட்டன. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. ஒரு வாரம் அவர் வடமேற்குச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நிச்சயமாயிற்று. யாரும் பார்க்காதபோது மனிதர்கள் செய்வதையெல்லாம் செய்யத் தொடங்கினார். வாயை அகலத் திறந்து பாடினார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார். தனக்குத் தானே பேசி, தானே சிரித்தார். பாட்டின் சத்தம் கேட்காது என்றாலும் ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. தாழைமேட்டுப் பிள்ளைகள் சாயங்காலங்களில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு அதே மாதிரி ஆடினார்கள்.

தில்லைநாயகிக்கு மட்டும் தெரிய வேண்டும் என்று அட்டையில் எழுத முடியாது. முன்னால் என்றால் எல்லோருக்கும்தான் முன்னால். சின்னதாகத் தெரிய வேண்டும் என்று அறுபது மைல் நடந்து போன மனிதரை ஊர் முழுவதற்கும் நெற்றிப்பொட்டாக ஒட்டி வைத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் ஆடும்போது பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மூன்று வருஷத்தில் அவள் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

மறுமாதத்தில் ஒருநாள் அவர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எழுதி அடித்தார், எழுதிக் கிழித்தார். மூன்று நாள் இது நடந்தது. நடுநடுவே எழுந்து போய்த் தன் அறைக் கதவை உள்ளேயிருந்து தட்டிப் பார்த்தார். முதலில் ஒன்று, சற்று நிறுத்தி இரண்டு. திருப்தி இல்லாமல் மறுபடி தட்டினார். என்ன எழுதுகிறார் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாலையில் டீக்கடையில் பந்தயம் கட்டும் அளவுக்கு ஆர்வம் இருந்தது.

நாலாம் நாள் தபாலில் வந்தது. அந்த ஊருக்கு வந்த முதல் கடிதம் அதுதான்.

"தில்லைக்கு, இப்போது என்னை யாரும் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தது நீதான் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பார்க்காமல் இருக்கும்போது நான் அவ்வளவு மோசமான ஆள் இல்லை என்று தெரிகிறது. ஆனால் எனக்கு நீயும் தெரியவில்லை. இது எனக்கு முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். சாயங்காலத்தில் முன்பு ஒரு கூட்டல் குறி வந்து பக்கத்தில் நிற்கும், தள்ளிவிட்டேன். அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வரலாம் என்று இருக்கிறேன். உன் கதவைத் தட்டலாமா? தட்டுவதற்குப் பழகி வருகிறேன். என்னைப் பார்க்காமல் இருந்ததற்கு நன்றி. உலகநாதன்."

கடைசி வரியை அவள் படித்த நேரத்தில் அவர் தோசைக்கல்மேல் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் பஞ்சநதத்தின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டிவிட்டுத்தான் போனாள். அருளப்பனும் அங்கே இருந்தான்.

"சார், ஒரு அட்டையை எடுக்கணும்."

"அவருதா?" என்றார் பஞ்சநதம். "எடுக்கணுமாம்மா? ஊர் மினுக்குறது நின்னுபோச்சு. ஒரு ஆள் முன்னால நிக்கிறதுல யாருக்கும் இடைஞ்சல் இல்ல. நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தே ஒரு மாசம் ஆச்சு."

"அவருக்கு இடைஞ்சல் சார். ஞாயித்துக்கிழமை வரார். வந்தா தெரிஞ்சுபோயிடும்."

"புது அட்டை போட்டுரலாமே?"

அருளப்பன் தலையை ஆட்டினான். "முடியாது சார். போடணும்னா தூரத்தை அளக்கணும். இப்ப எப்படி அளந்தாலும் பூஜ்யந்தான் வரும், எல்லாத்துக்கும் முன்னாலதானே நிக்கிறாரு. பூஜ்யம் போட்டா திரும்பவும் இதே கதைதான். பழைய அட்டை இருக்கா அக்கா?"

"கிழிச்சிட்டேன்."

"கிழிச்சதைப் பாத்தேன். ஒட்டி கிட்டி வச்சிருப்பீங்களோன்னு கேட்டேன்."

பஞ்சநதம் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப அட்டையே இல்லாம விடணும். அட்டை இல்லாதது எங்கே போகும்னு உங்களுக்குத் தெரியும். நீங்க எழுதின விதி."

"தெரியும் சார். எல்லாத்துக்கும் பின்னால."

"வீட்டு வாசல்ல வந்து நின்னாலும் கதவுக்குப் பின்னால. கதவைத் திறந்தா தெருவுக்குப் பின்னால. நாற்காலிக்குப் பின்னால, செம்புக்குப் பின்னால. நீங்க அவரைப் பாக்கவே முடியாது. நாளைக்கு மனசு மாறி அளக்கணும்னாலும் அளக்க முடியாது. யோசிச்சுக்குங்க."

யோசிக்க வேண்டியதை அவள் வரும் வழியிலேயே யோசித்து முடித்திருந்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பார்க்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தெரியாமல் பார்ப்பது திருட்டு என்று அவளுக்கு இப்போது பட்டது. முன்பு அந்த ஊரில் அதற்கு வாய்ப்பு இருந்ததில்லை. அவள் அட்டைக் கட்டை அவிழ்த்து, தான் துளையிட்ட அட்டையை எடுத்து, ஜன்னலருகே தென்கிழக்காகத் திரும்பி ஒரு நிமிஷம் நின்றாள். புளியமரத்தின்மேல் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தான் வரை பார்த்தாள். பிறகு அழுதாள், அழுது முடித்து அருளப்பனிடம் ஓட்டச் சொன்னாள்.

புளியமரம் மட்டும் இருந்தது.

ஊரில் அன்று அடுப்பு மூட்டத் தாமதமாயிற்று. சில குழந்தைகள் சாப்பிட மறுத்தன. பஞ்சநதம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாம்பார் வைத்தாள், முட்டைக்கோஸ் பொரியல் செய்தாள், அப்பளம் பொரித்தாள். மத்தியானப் பஸ் வந்து போன சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கதவில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் நிறுத்தி இரண்டு.

கதவைத் திறந்தாள். படி இருந்தது, தெரு இருந்தது, எதிர்வீட்டுக் கொடியில் கட்டம் போட்ட புடவை காய்ந்துகொண்டிருந்தது. அவற்றுக்குப் பின்னால் அவர் இருந்தார்.

"வாங்க," என்றாள்.

"நல்லாத் தட்டினேனா?" என்று அவர் குரல் கேட்டது. பக்கத்தில்தான் கேட்டது.

"நல்லா இருந்துச்சு. உள்ள வாங்க."

இலை போட்டாள். இலைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தார். சோறு குறைந்தது, சாம்பார் குறைந்தது, அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. பொரியல் மட்டும் அப்படியே இருந்தது. அவருக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

"ஒன்னு சொல்லணும்," என்றாள். "ஒரு மாசம் நீங்க எல்லாத்துக்கும் முன்னால இருந்தீங்க. நான்தான் அட்டை போட்டேன். ஊரே பாத்துச்சு."

பாதி அப்பளம் இலையில் விழுந்தது.

"ஆடினதையுமா?"

"ஆடினதையும்."

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன். தினமும் பாத்தேன். அப்புறம் அட்டையை எடுத்துட்டேன். இனிமே நீங்க எல்லாத்துக்கும் பின்னாலதான். மாத்த முடியாது."

அவர் எழுந்து கை கழுவப் போனார். செம்பு சாய்ந்து நிமிர்ந்தது. போகிறாரா இருக்கிறாரா என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று தில்லைநாயகிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அடுக்களைக்குப் போய்க் காபி கலந்தாள். கலந்து முடித்தபோது தன் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. எல்லாவற்றுக்கும் பின்னால் என்றால் அவளுக்கும் பின்னால்தான். அவள் திரும்பவில்லை. டம்ளரைத் தோளுக்கு மேலே நீட்டினாள். அது வாங்கிக்கொள்ளப்பட்டது.

"ஆட்டம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"சுமாரா இருந்துச்சு," என்றாள். "துண்டு நல்லா இருந்துச்சு."

அவர் சிரித்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு சத்தத்தோடு கேட்டாள்.

"நாளைக்குக் காலையில அலை அளக்கணுமே," என்றாள். "பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ் எதுக்கு? துறைமுகமும் எனக்கு முன்னாலதானே இருக்கு. இந்த அரிசிப் பானையும் எனக்கு முன்னாலதான். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு எட்டுத் தூரம்," என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அலையடிக்கும் சத்தம் கேட்டது. கடல்தண்ணீர் கொஞ்சம் தரையில் வழிந்திருந்தது. தில்லைநாயகி பானையை நகர்த்தாமல், ஈரத்தை ஒரு பழந்துணியால் ஒற்றி எடுத்தாள். அதில் இரண்டு நெத்திலி கிடந்தன. சாயங்காலக் குழம்புக்கு அவற்றை அலசி எடுத்து வைத்துவிட்டு, ஆபீசுக்குக் கிளம்பினாள்.